செகண்ட் லைஃபில் பாப் கலை நிறுவல்: கடை விளம்பரம் போலத் தெரிவது ஏன்?

வண்ணக்கலவை:
வணக்கம். இணையத்தில் இயங்கும் மெய்நிகர் உலகமான செகண்ட் லைஃபில் சிறு நிலமொன்றை வாடகைக்கு எடுத்து, வாங்கும் பொருள்களே நம் அடையாளமாகிவிடுவதைப் பற்றிய நிறுவல் (வருபவர் நடந்து பார்க்கும் கலை அமைப்பு) ஒன்றை அமைத்து வருகிறேன். சோப்பு உறைகளில் அவதார்களின், அதாவது அங்கே பயனர்கள் பூணும் உருவங்களின், முகங்களைப் பதித்து, இரண்டு மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கிறேன். வருபவர்களோ அதைப் பக்கத்து உடைக்கடையின் விளம்பரமாக எண்ணிக் கடந்து செல்கிறார்கள். ஒருவர் விலையே கேட்டுவிட்டார். பிழை எங்கே இருக்கிறது?

களிமண்:
விலை கேட்டவர்தான் உங்கள் நிறுவலைச் சரியாகப் படித்திருக்கிறார்! 1962-இல் அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் சூப் டப்பாக்களை 32 கித்தான்களில் வரைந்தபோது, கடை அலமாரியில் இருக்க வேண்டியது கலைக்கூடத்துக்கு வந்ததே பார்வையாளரை உறுத்தியது. அவதாரின் தோல், கூந்தல், நடை வரை எல்லாமே செகண்ட் லைஃபின் நாணயமான லிண்டன் டாலருக்கு விற்கப்படும் உலகத்தில் கடைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே இல்லாததால், பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது யாரையும் உறுத்தாது. சீனக் கலைஞர் சாவ் ஃபெய் 2009-இல் செகண்ட் லைஃபிலேயே திறந்த 'ஆர்எம்பி சிட்டி' என்ற கற்பனை நகரத்தை எண்ணிப் பாருங்கள். பெய்ஜிங்கில் உள்ள சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியின் கட்டடம் பளுதூக்கியில் தொங்கியது. 'பறவைக்கூடு' எனப்படும் ஒலிம்பிக் விளையாட்டரங்கம் துருப்பிடித்திருந்தது. மக்கள் நாயகர் நினைவுச் சின்னத்தின் உச்சியில் ராட்டினம் சுழன்றது. பொம்மைக் கடையைப் போலப் பளபளப்பான நகரந்தான். ஆனால் தேசம் தன்னைப் பெருமையாகக் காட்டிக்கொள்ளும் சின்னங்களுக்கிடையே வருபவர் பறந்து திரிய வேண்டியிருந்தது. உங்கள் அடுக்கில் வருபவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. சோப்பு உறையைத் தொட்டவுடன் அவருடைய பெயரும், அவர் அந்த உலகத்தில் பிறந்த நாளும் அதன்மேல் அச்சாகும்படி ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிப் பாருங்கள்.

நிழற்படம்:
எதிர்த்திசையிலும் போகலாம். எவா, ஃப்ராங்கோ மாட்டெஸ் என்ற கலைஞர் இணையர் 2006-இல் செகண்ட் லைஃப் அவதார்களின் முகங்களைக் கித்தானில் அச்சிட்டுக் கலைக்கூடச் சுவரில் மாட்டினார்கள். வார்ஹோலின் திரைப்படத் தலைப்பை நினைவூட்டி, அவற்றுக்கு 'மிக அழகிய 13 அவதார்கள்' என்று பெயரும் வைத்தார்கள். முகங்கள் அந்த உலகத்தை விட்டு வெளியே வந்ததும், எல்லாரும் ஒரே அழகைத் தேர்ந்தெடுத்திருப்பது சட்டென்று கண்ணில் படுகிறது. இன்னொன்று: வாடகை நின்றால் நிலமும் போய்விடும். ஆர்எம்பி சிட்டியே 2011-இல் முடிந்தது. ஆகையால் முதல் நாளிலிருந்தே படமெடுத்து வையுங்கள். சாவ் ஃபெய் 'சீனா ட்ரேசி' என்ற அவதாராக செகண்ட் லைஃபில் உலவி எடுத்த 'ஐ.மிரர்' என்ற படம், 2007-இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் காட்டப்பட்டது.

வண்ணக்கலவை:
இருவருக்கும் நன்றி. அடுக்கைக் கலைத்துவிட்டு ஒரே ஒரு உறையை மட்டும் வைக்கப்போகிறேன். பெயரோடு விலையையும் அச்சிடலாம் என்று தோன்றுகிறது. அவர் அணிந்திருப்பவற்றின் விலையை ஸ்கிரிப்டால் அறிய முடியாவிட்டால், அவரையே கேட்டு எழுதச் சொல்வேன்.