தீஃப் ரோக் மந்திரக்கோலை போனஸ் ஆக்‌ஷனில் இயக்கலாமா? உதவுங்கள்

ஒத்தக்கடை ரோக்:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கே.கே. நகரில் நண்பன் வீட்டு மாடியில் டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நான் ஐந்தாம் லெவல் ரோக் (தந்திரமாக ஒளிந்து அடிக்கும் பாத்திரம்), அதில் தீஃப் பிரிவு. யானைமலைக்கு அடியில் எங்கள் டிஎம் (டன்ஜியன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) அண்ணன் தோண்டி வைத்திருக்கும் சுரங்கத்தில் (ஊர்க்காரன் எனக்கே தெரியாத சுரங்கம்!) மேஜிக் மிசைல் (மந்திர அம்பு எய்யும் ஸ்பெல்) கோல் ஒன்று கிடைத்தது. விசார்டு (மந்திரவாதி) ஆடும் நண்பனுக்கு அந்த ஸ்பெல் ஏற்கெனவே தெரியும் என்பதால் கோல் என் கைக்கு வந்தது.

போன வாரம் எலும்புக்கூடுகளோடு சண்டை. ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு ஆக்‌ஷன், சில திறன்கள் இருந்தால் கூடவே சிறிய போனஸ் ஆக்‌ஷன் ஒன்று. ஆக்‌ஷனில் வில்லால் அடித்து ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் சேதம்) போட்டேன். ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் (தீஃபின் வேகக் கைத் திறன்) இருக்கிறதே என்று போனஸ் ஆக்‌ஷனில் கோலையும் இயக்கினேன். டிஎம் சரி என்றார். விசார்டு நண்பன் அதெல்லாம் செல்லாது என்று குதித்தான். இன்னொருவன் போனில் 2024-ல் வந்த திருத்திய புத்தகத்தின் விதியைக் காட்டி செல்லும் என்றான். அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

என் வாதம் இதுதான். ஒரு பொருளைப் பயன்படுத்த ஆக்‌ஷன் தேவைப்பட்டால் அது யூஸ் ஆன் ஆப்ஜெக்ட் ஆக்‌ஷன் என்று பிளேயர்ஸ் ஹேண்ட்புக் சொல்கிறது. ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் தருவதும் அதே ஆக்‌ஷனைத்தான். கோலும் பொருள்தானே? அப்புறம், ஹீலிங் போஷனுக்கும் (காயம் ஆற்றும் மருந்து) இதே கணக்குதானா?

செல்லூர் பகடை:
2024 படி செல்லும். ஜமாய்ங்க.

திருப்பரங்குன்றம் டிஎம்:
பகடை, கேள்வியைப் படிச்சிட்டுச் சொல்லுங்க. தம்பி ஆடுவது 2014.

தம்பி, ஹேண்ட்புக்கை மட்டும் படித்தால் உங்கள் வாதம் சரியாகத்தான் தோன்றும். ஆனால் இதற்கான பதில் அந்தப் புத்தகத்தில் இல்லை. 2014 டன்ஜியன் மாஸ்டர்ஸ் கைடில் ஏழாம் அத்தியாயம், மந்திரப் பொருளை இயக்குவது பற்றிய பகுதியைப் பாருங்கள். ஒரு மந்திரப் பொருளை இயக்க ஆக்‌ஷன் தேவை என்றால், பொருளைப் பயன்படுத்தும் சாதாரண ஆக்‌ஷனில் அது சேராது, ஆகவே ரோக்கின் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸை வைத்து இயக்க முடியாது என்று பேர் சொல்லியே மறுத்திருக்கிறார்கள். பொது விதியும் குறிப்பான விதியும் மோதினால் குறிப்பானதுதான் நிற்கும். புத்தகம் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பிலும் இதே வரி இருக்கிறது.

ஹீலிங் போஷனும் மந்திரப் பொருள்தான். 2014-ல் அதைக் குடிக்க முழு ஆக்‌ஷன் வேண்டும். எண்ணெய்க் குப்பி வீசுவது, கால்ட்ராப் (காலில் குத்தும் முள்) இறைப்பது, ஹீலர்ஸ் கிட்டை (முதலுதவிப் பை) வைத்து விழுந்தவரைக் காப்பது, இதற்கெல்லாம் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் தாராளமாகச் செல்லும். நிறைய தீஃப்கள் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

2024-ல் இந்தத் திறனையே மாற்றி எழுதிவிட்டார்கள். மேஜிக் ஆக்‌ஷன் கேட்கும் மந்திரப் பொருளை போனஸ் ஆக்‌ஷனில் இயக்கலாம் என்று நேராகவே இருக்கிறது. போஷனை ரோக் இல்லாதவர்களும் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம்.

ஒத்தக்கடை ரோக்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்படியென்றால் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸுக்கு மட்டும் 2024 விதியை எடுத்துக்கொள்கிறோம் என்று டிஎம்மிடம் கேட்டுப் பார்க்கவா?

திருப்பரங்குன்றம் டிஎம்:
கேளுங்கள், தப்பில்லை. ஆனால் திறனைப் புதுப் புத்தகத்திலும் கோலைப் பழைய புத்தகத்திலும் எடுத்தால் விசார்டு தம்பி மறுபடி எழுந்து நிற்பார். இந்தத் தடவை நியாயமாகவே.

கணக்கைப் பாருங்கள். கோலின் சக்தியை அளக்கும் சார்ஜ் ஒன்றுக்கு மூன்று மந்திர அம்பு, ஒவ்வொன்றின் சேதமும் டி4 (நான்கு முகப் பகடை) கூட்டல் 1. சராசரி 10.5. ஐந்தாம் லெவலில் உங்கள் ஸ்னீக் அட்டாக் மூன்று டி6, அதுவும் சராசரி 10.5தான். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு ஸ்னீக் அட்டாக் கிடைத்த மாதிரி. அதுவும் குறி தவறாது, ஷீல்டு ஸ்பெல் மாதிரி ஏதாவது இருந்தால்தான் தடுக்க முடியும்.

பழைய கோலில் இருக்கும் ஏழு சார்ஜையும் ஒரே தடவையில் கொட்டலாம். முதல் சார்ஜுக்கு மூன்று, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என ஒன்பது அம்பு, சராசரி 31.5. புதிய கோலிலும் ஏழு சார்ஜ்தான், ஆனால் ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் முடியாது. ஐந்து அம்பு, 17.5. கையை வேகமாக்கியவர்கள் கோலுக்குக் கடிவாளமும் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடிவாளத்தை விட்டுவிடப் பார்க்கிறீர்கள். எடுத்தால் இரண்டையும் ஒரே புத்தகத்திலிருந்து எடுங்கள்.

மேலூர் விசார்டு:
அண்ணன் சொல்வதை வழிமொழிகிறேன். நானும் விசார்டுதான், அந்தப் பையனின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. அவன் ஸ்லாட்டை (ஸ்பெல் போடும் வாய்ப்பை) எண்ணி எண்ணிச் செலவு செய்யும்போது பக்கத்தில் இவர் அள்ளி வீசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்னொன்று. எந்தப் புத்தகமாக இருந்தாலும் கை இரண்டுதான். வில்லால் அடிக்க இரண்டு கையும் வேண்டும். கோல் கையில் இருந்தால்தான் இயங்கும். முதல் சுற்றில் அம்பு விட்டுவிட்டு, ஒரு கையில் வில்லைப் பிடித்தபடி மறு கையால் கோலை உருவலாம். ஒரு சுற்றுக்கு ஒரு பொருளை எடுப்பதோ வைப்பதோ இலவசம். அடுத்த சுற்றில் மறுபடி அம்பு விட கோலை உள்ளே வைக்க வேண்டும், அந்த இலவசம் அங்கேயே தீர்ந்தது. திரும்ப உருவ வழியில்லை. அதனால் அந்தச் சுற்றில் முதலில் கோலை இயக்கி, உள்ளே வைத்துவிட்டு, பிறகுதான் அம்பு விட வேண்டும். ஆக, சுற்றுக்குச் சுற்று வரிசையை மாற்றினால்தான் இந்த வித்தை பலிக்கும்.

ஒத்தக்கடை ரோக்:
அட, இதை எங்கள் மேசையில் யாருமே கவனிக்கவில்லை! கோலைக் கீழே போட்டுவிட்டு அம்பு விட்டால்?

மேலூர் விசார்டு:
போடலாம், அதற்குச் செலவே இல்லை. ஆனால் இந்தக் கோலுக்கு அட்யூன்மென்ட் (பொருளை ஒருவரோடு பிணைப்பது) கிடையாது, யார் எடுத்தாலும் வேலை செய்யும். உங்கள் டிஎம்மின் எலும்புக்கூடு குனிந்து எடுத்துக்கொண்டால் இங்கே வந்து புலம்பாதீர்கள். பேசாமல் ஒரு கையில் ரேப்பியர் (மெல்லிய வாள்), மறு கையில் கோல் என்று மாறிவிடுங்கள். ரேப்பியரிலும் ஸ்னீக் அட்டாக் செல்லும், கூட்டாளி ஒருவர் எதிரிக்கு ஐந்தடிக்குள் நின்றால் போதும்.

ஒத்தக்கடை ரோக்:
சரி. ரேப்பியர் வாங்க 25 பொற்காசு வேண்டும், கையில் 11 இருக்கிறது. விசார்டிடம்தான் கடன் கேட்க வேண்டும்.