ஆங்கில 'போத்' (both) என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? பைடெயா, பைடெஸா?

நெல்லைக்காரி:
வணக்கம். பிள்ளைகளின் கீட்டாவுக்கு (குழந்தைகள் காப்பகம்) அவசரமாக ஒரு மெயில் அனுப்பணும். "இன்று என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்து வீட்டம்மா கூப்பிட வருவார். நானும் கணவரும் இரண்டு பேருமே ஆறு மணி வரை வேலை." அவ்வளவுதான். 'பைடெ மைனெ கிண்டர்' என்று எழுதினேன், ஏதோ இடிக்கிறது. இரண்டாவது வரிக்கு மொழிபெயர்ப்புச் செயலி 'ஸோவோல்... ஆல்ஸ் ஔஹ்' என்கிறது. அப்புறம், இருவரும் என்றால் பைடெ, இரண்டும் என்றால் பைடெஸ் என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய_மாணவன்:
'மைனெ பைடென் கிண்டர்' என்று எழுதுங்கள். 'மைனெ' (என்), 'டீ' (ஆங்கில 'the') மாதிரி ஒன்று முன்னால் வந்தால் 'பைடென்'. தனியாக நின்றால் 'பைடெ கிண்டர்'.

கடைசிக் கேள்வியில்தான் நம் ஆட்கள் வழுக்குவார்கள். ஜெர்மனில் உயர்திணை, அஃறிணைக் கணக்கு கிடையாது. கார் இரண்டு என்றாலும் 'பைடெ ஔட்டோஸ்'தான். வேறு வேறான இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பேசும்போதுதான் பைடெஸ். கேக் வேண்டுமா, ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டால் 'பைடெஸ்!' என்று சொல்லலாம். வினையும் ஒருமையில் வரும்: 'பைடெஸ் இஸ்ட் குட்'. ஆட்களைப் பற்றிப் பேசும்போது பைடெஸ் வேண்டாம்.

ஸ்டுட்கார்ட்_அண்ணாச்சி:
செயலி சொன்னது தப்பில்லை, ஆனால் கீட்டா மெயிலுக்கு அது கோட்டு சூட்டு. 'மைன் மான் உண்ட் இஷ் ஆர்பைட்டன் ஹொய்ட்டெ பைடெ பிஸ் ஸெக்ஸ்' போதும். பைடெ நடுவில் வருவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அங்கேதான் அது இயல்பாக உட்காரும். 'நாங்கள் இரண்டு பேரும்' என்பதும் 'வியர் பைடெ'தான். ஆங்கில 'both of us'-ஐப் பார்த்து நடுவில் 'ஃபோன்' (von, அதாவது 'of') போட்டுவிடாதீர்கள்.

மொழியை விடுங்கம்மா, பக்கத்து வீட்டம்மா பெயரில் ஃபோல்மாஹ்ட் (அனுமதிக் கடிதம்) எழுதிக் கொடுத்தாச்சா? கையெழுத்துப் போட்ட அனுமதி இல்லாமல் பல கீட்டாக்களில் பிள்ளையை வெளியே விட மாட்டார்கள்.

நெல்லைக்காரி:
அண்ணாச்சி, அது போன மாசமே கொடுத்தாச்சு. மெயில் போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது: சரியாம், அந்தம்மா அடையாள அட்டையைக் கொண்டுவரணுமாம். ஒரே ஒரு சந்தேகம். பதிலில் 'டீ பைடென்' என்று மட்டும் இருக்கிறது, பிள்ளைகள் என்ற சொல்லையே காணோமே?

பழைய_மாணவன்:
'அவங்க ரெண்டு பேரும்' என்று அர்த்தம். யாரென்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அப்படித்தான் சொல்வார்கள். தைரியமாக நீங்களும் எழுதலாம்.