மறுமொழி: அதிவேகச் சரக்கு ரயிலா, முந்துசரக்கு வண்டியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மற்ற ரயில்களை ஒதுக்கிவிட்டு வழிகொடுக்கப்படும் விரைவான சரக்கு ரயிலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அதிவேகச் சரக்கு ரயில், முன்னுரிமைச் சரக்கு ரயில், சரக்கு விரைவி. இரண்டு நாளாக மூன்றையும் வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். முதலும் மூன்றும் வேகத்தை மட்டும் சொல்கின்றன. ஆனால் நாம் பெயர் தேடுகிற வண்டியின் உயிர் வேகத்தில் இல்லை. அதற்காக மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்கின்றன, அதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் இது தலைகீழ். சின்ன ஸ்டேஷன் ஒன்றில் ஒருமுறை மாலை நேரத்தில் லூப் லைனில், அதாவது மற்ற வண்டிகளுக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில், ஒரு கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. கார்டு இறங்கி வந்து பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் பிடித்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "மூணு வண்டி தாண்டிப் போயிடுச்சு, இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். பாட்டிலை மூடிக்கொண்டு நிதானமாகத் திரும்பி நடந்தார். நமக்குக் கூட்ஸ் என்றாலே காத்திருக்கிற வண்டிதான். காத்திருக்காத கூட்ஸுக்கு நம் பேச்சில் பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம்.

அமெரிக்காவில் அப்படி ஒரு வண்டி இருந்தது. சாண்டா ஃபே ரயில் நிறுவனம் 1968 ஜனவரியில் சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே 'சூப்பர் சி'யை ஓட்டத் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 3,540 கிலோமீட்டர், கொடுத்த வாக்கு 40 மணி நேரம். முதல் ஓட்டத்திலேயே 34 மணி 35 நிமிடம் 40 விநாடியில் போய்ச் சேர்ந்தது. அதே நிறுவனத்தின் பெயர்பெற்ற பயணிகள் ரயிலான சூப்பர் சீஃபுக்கே அந்தத் தூரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் பிடித்தது. கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 102 கிலோமீட்டர். உச்ச வேகமாகப் பார்த்தால் இது பெரிய எண் அல்ல. நடுவில் அதிகம் நிற்காமல், யாருக்கும் வழிவிடாமல் போனால்தான் சராசரி இந்த அளவுக்கு ஏறும். இத்தகைய வண்டிகளை அங்குள்ள ரயில்காரர்கள் 'ஹாட்ஷாட்' என்பார்கள்.

சூப்பர் சி ஏற்றிச் சென்றவை லாரிகளின் டிரெய்லர்கள். தட்டையான வேகன்மேல் டிரெய்லரை அப்படியே உட்கார வைத்துவிடுவார்கள். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் 'பிக்கிபேக்', குழந்தையை முதுகில் சுமப்பதற்கான சொல். நம்மிடம் அதற்கு 'உப்புமூட்டை' இருக்கிறது. கொங்கண் ரயில்வே 1999 முதல் சரக்கு லாரிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்கு 'உப்புமூட்டை ரயில்' என்ற சொல்லைத் தனி இழையில் முன்மொழியப் போகிறேன். உப்புமூட்டை ஏறி விளையாடிய யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்காது.

சரி, சூப்பர் சி ஏன் விழுந்தது? வழக்கமான கட்டணத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். சில மணி நேரம் மிச்சமாகும் என்பதற்காக அவ்வளவு கொடுக்கப் பெரும்பாலான வணிகர்கள் தயாராக இல்லை. தபால்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. 1976இல் தபால் ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அதே ஆண்டு மே மாதத்தோடு ஓட்டம் நின்றது. எஞ்சினும் தண்டவாளமும் அப்படியே இருந்தன. அவ்வளவு விலை கொடுத்து வழி வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதனோடு பிரான்சின் மஞ்சள் நிறத் தபால் ரயிலைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1984இல் தொடங்கி, பாரிசிலிருந்து தெற்கே அதிவேகப் பாதையில் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் தபால் கொண்டுபோன ரயில் அது. கடிதங்கள் குறைந்துபோனதால் 2015இல் நின்றது. ஜப்பானில் 2004 முதல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே கூரியர் பார்சல்களோடு இரவில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகும் 'சூப்பர் ரயில் கார்கோ'வும் பிரெஞ்சு ரயிலின் பக்கம்தான் வரும். இவற்றுக்கு வேகமே அடையாளம், வண்டியையே அதற்காகச் செய்தார்கள். ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

வேகத்தைச் சொல்ல இலங்கைத் தமிழர்களிடம் அருமையான சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: கடுகதி. இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸை 'நகர்சேர் கடுகதி' என்று அங்கே சாதாரணமாகச் சொல்கிறார்கள். 'விரைவி' என்று புதிதாக ஒன்றை உண்டாக்குவதற்குப் பதில் 'கடுகதிச் சரக்கு ரயில்' என்போம். பிரெஞ்சு வண்டிக்கும் ஜப்பான் வண்டிக்கும் அது பொருந்தும்.

வழியுரிமையைச் சொல்ல என் பரிந்துரை 'முந்துசரக்கு வண்டி'. முன்னுரிமைச் சரக்கு என்றால் சரக்குக்கு முன்னுரிமை என்று படுகிறது, மருந்து, ஆக்சிஜன் மாதிரி. சூப்பர் சியில் எந்தச் சரக்கும் போகலாம், பணம் கட்டினால் போதும். அப்புறம், தமிழ்நாட்டில் முன்னுரிமை என்ற சொல் ரேஷன் அட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'முந்து' வினையடி. காத்திருக்கும் வண்டிகளைத் தாண்டி முன்னே போகும் செயல் அதிலேயே இருக்கிறது. ஊறுகாய், சுடுசோறு போல முந்துசரக்கும் வினைத்தொகை, ஆகவே நடுவில் ச் போட வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "முந்துசரக்கு வருது, பாசஞ்சரை லூப்பில் போடு." ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வாயில் இது தடுக்காமல் வருகிறது. "முன்னுரிமைச் சரக்கு ரயில் வருகிறது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஸ்டேஷனைத் தாண்டிவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே பொருந்தும் உதாரணமும் உண்டு. 2020 ஊரடங்கின்போது ரேணிகுண்டாவிலிருந்து டெல்லிக்குப் பால் கொண்டுபோன தூத் துரந்தோ: தலா 40,000 லிட்டராக ஆறு டேங்கர், சுமார் 2,300 கிலோமீட்டர், மெயில் எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குச் சமமான உரிமை. பால் வண்டிதான், ஆனால் லூப்பில் கிடக்கவில்லை.

எதிர்ப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

முந்துசரக்கு வண்டி: கூடுதல் கட்டணத்துக்கோ தேவைக்கோ, மற்ற வண்டிகளை ஒதுக்கி வழிகொடுக்கப்படும் சரக்கு ரயில்.
கடுகதிச் சரக்கு ரயில்: வழக்கமான சரக்கு ரயிலைவிட மிகுந்த வேகத்துக்கென்றே அமைக்கப்பட்டது.

குழுவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், கன்ட்ரோல் ரூமில் நீங்கள் வாயால் சொல்லும் சொல் வேறு ஏதாவது உண்டா என்று எழுதுங்கள். அது நல்ல சொல்லாக இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போடுவோம்.