கோபன்ஹேகனிலிருந்து 7 இரவு பால்டிக் கப்பல் பயணம்: துறைமுகங்களில் நாமே சுற்றலாமா?

காவேரிக்கரை (கேள்வி)

வணக்கம். நானும் கணவரும் ஜூன் 14 ஞாயிறு கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, 21 ஞாயிறு காலை அங்கேயே இறங்குகிறோம். இடையில் 15 திங்கள் வார்னமுண்டே (7:00–20:00), 16 கடலில், 17 புதன் தாலின் (8:00–17:00), 18 வியாழன் ஹெல்சிங்கி (8:00–16:00), 19 வெள்ளி ஸ்டாக்ஹோம் (9:00–18:00), 20 கடலில்.

கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா எதுவும் இன்னும் எடுக்கவில்லை, விலை எக்கச்சக்கம். இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட், ஊர் கோவை. அவருக்கு முழங்கால் வலி: சமதரையில் 2 கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு ஆகாது. இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. விசாவுக்கு எந்த நாட்டிடம் போக வேண்டும்? வார்னமுண்டேயிலிருந்து பெர்லின் போய்வருவது நடக்கிற காரியமா? மற்ற ஊர்களில் நாங்களே சுற்ற முடியுமா? பதிலுக்கு முன்கூட்டியே நன்றி.

கலங்கரை

மேடம், முதலில் தேதியைப் பாருங்கள். ஸ்வீடனில் ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமைதான் மிட்சம்மர் ஈவ் (கோடை நடுத் திருநாள்). நீங்கள் ஸ்டாக்ஹோமில் இறங்குவது சரியாக அன்றைக்கு. ஸ்வீடன்காரர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு நிகரான நாள். நகரத்தில் பாதிப் பேர் தீவு வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடைகள் நிறைய மூடியிருக்கும், பேருந்தும் ரயிலும் குறைவாக ஓடும். பின்லாந்திலும் அதே வெள்ளிதான். அதனால் வியாழன் மதியத்திலிருந்தே ஹெல்சிங்கி காலியாகத் தொடங்கும். ஷாப்பிங் ஏதாவது இருந்தால் தாலினிலேயே முடித்துவிடுங்கள்.

அதற்காக ஸ்டாக்ஹோம் நாள் வீண் என்று நினைக்க வேண்டாம். யூர்கோர்டன் தீவில் உள்ள ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அன்று இலைகளும் பூக்களும் சுற்றிய பெரிய கம்பத்தை நிறுத்தி, அதைச் சுற்றி ஆடுவார்கள். பக்கத்திலேயே வாசா அருங்காட்சியகம். 1628-இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் கவிழ்ந்து, 1961-இல் தூக்கி எடுக்கப்பட்ட போர்க்கப்பல். லிஃப்ட் இருக்கிறது, சார் சிரமமில்லாமல் எல்லாத் தளமும் பார்க்கலாம். விடுமுறை நாளுக்கான திறப்பு நேரத்தை இரண்டின் இணையதளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஊர் பெயரை நம்பாதீர்கள், கப்பல் நிற்கும் பெர்த் பெயரைக் கேளுங்கள். அட்டவணையில் "ஸ்டாக்ஹோம்" என்று போட்டிருந்தால் அது மூன்று இடங்களில் எதுவாகவும் இருக்கலாம். ஸ்டாட்ஸ்கோர்டன் என்றால் நகரத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள், பழைய நகரமான கம்லா ஸ்டானுக்கு நீரோரமாகவே சமதரை நடை. ஃப்ரீஹாம்னன் என்றால் சில கிலோமீட்டர் தள்ளி, பேருந்து வேண்டும். நினேஸ்ஹாம்ன் என்றால் கதையே வேறு: அது தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கும் தனி ஊர், அங்கிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம். பெரிய கப்பல்கள் குறுகலான தீவுக்கூட்ட வழியில் மணிக்கணக்காக ஊர்ந்து வருவதைத் தவிர்க்க அங்கே நின்றுவிடுகின்றன. சில சமயம் நங்கூரம் போட்டு, சிறு படகில் கரைக்குக் கொண்டுவிடுவார்கள். அலையில் ஆடும் படகில் கால் வைத்து இறங்குவது முழங்கால்காரருக்கு நல்லதில்லை. உங்கள் அட்டவணையில் 9:00–18:00 என்று இருப்பதை மட்டும் வைத்து எந்தத் துறை என்று சொல்ல முடியாது. ஸ்டாக்ஹோம் துறைமுக நிர்வாகம் கப்பல் வருகைப் பட்டியலை வெளியிடுகிறது, அதில் கப்பல் பெயரைத் தேடினால் பெர்த் தெரியும்.

கோபன்ஹேகனுக்கும் இதே கதைதான். லாங்கலீனி என்றால் கடற்கன்னி சிலைக்குப் பக்கம். ஓஷன்காய் என்றால் நூர்ஹாவ்ன் பகுதியின் கோடி. அதற்கு விமான நிலையத்தில் எம்2 மெட்ரோ ஏறி, கொங்கன்ஸ் நியூடோர்வில் எம்4-க்கு மாறி, ஒரியன்ட்காய் நிலையத்தில் இறங்க வேண்டும். அதன்பின்னும் பெட்டியோடு நடக்கிற தூரமில்லை, பேருந்தோ டாக்சியோ பிடியுங்கள்.

வடக்குக்காற்று

விசா பற்றி. விதி இதுதான்: ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே கோபன்ஹேகன் வந்துவிடுவது நல்லது (விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது). அப்படி வந்தால் 13, 14, 21 மூன்றும் டென்மார்க் கணக்கு, மற்ற நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு நாள். ஆகவே டென்மார்க்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும். 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள வரம்பு. கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கப்பல் முன்பதிவுச் சீட்டில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், எல்லாத் துறைமுகங்களும் தேதியோடு அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பணம் கட்டிய ரசீதை வைத்துக் கொடுத்தால், எங்கெங்கே போகிறீர்கள் என்று திரும்பக் கேட்பார்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கப்பலிலும் செல்லுபடியாகுமா என்று பாலிசியில் பாருங்கள், கப்பல் மருத்துவர் பில் தனியாக வரும், விலையும் கடுமை.

உங்கள் துறைமுகங்கள் எல்லாம் ஷெங்கனுக்குள்தான், அதனால் சிங்கிள் என்ட்ரி (ஒருமுறை நுழையும்) விசாவே போதும். ஆனால் திரும்பும் வழியில் லண்டன் போன்ற இடம் எதையாவது சேர்த்தால் பிரிட்டன் விசா தனி, மீண்டும் ஷெங்கனுக்குள் வருவதானால் மல்டிபிள் என்ட்ரி வேண்டும்.

இன்னொன்று: ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊரில் விமானம் மாறினால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையால் வரிசை நீளும். ஒன்றே கால் மணி நேர இணைப்பு விமானம் எடுக்காதீர்கள், இரண்டரை மணியாவது விடுங்கள்.

தூரதேசி

பெர்லின் வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். 13 மணி நேரத்தில் இறங்கி ஏறும் நேரம் போக, பெர்லினில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதில் பாதி பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது. கட்டாயம் போக வேண்டும் என்றால் கப்பல் ஏற்பாட்டிலேயே போங்கள். அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் நிற்கும், நீங்கள் எடுத்த ரயில் தாமதமானால் நிற்காது. ஜெர்மன் நீண்டதூர ரயில்கள் நேரம் தவறுவது இப்போது சர்வசாதாரணம்.

அதற்குப் பதில் உங்களுக்குப் பொருந்துவது இது. வார்னமுண்டேயில் கப்பலை விட்டு இறங்கினால் ரயில் நிலையம் கண்ணெதிரே. எஸ்-பான் எனும் புறநகர் ரயிலில் ரோஸ்டாக் 20 நிமிடம் சொச்சம், அங்கிருந்து பாட் டோபரான் இன்னொரு 20 நிமிடம் சொச்சம். செங்கல் கோதிக் பாணி மடாலயத் தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது, சமதரையில் தோட்டத்துக்கு நடுவே. பிறகு "மோலி" நீராவி ரயில். 1886 முதல் ஓடுகிறது, 900 மில்லிமீட்டர் அகல குறுகிய பாதை. ஊருக்குள் கடைத்தெரு நடுவிலேயே மணியடித்துக்கொண்டு போகும். பாதையோரம் நிற்பவர் கையை நீட்டினால் பெட்டியைத் தொடலாம், அவ்வளவு நெருக்கம். ஹைலிகன்டாம் வழியாக கூலுங்ஸ்போர்ன் வரை ஏறக்குறைய 40 நிமிடம். பெட்டியில் ஏற சில படிகள் உண்டு, கைப்பிடி இருக்கிறது. மாலை 5 மணிக்குள் வார்னமுண்டே திரும்பி, ஆற்றங்கரையில் உட்காரலாம்.

ஷ்வெரின் அரண்மனையை யாராவது சொல்வார்கள். நீங்கள் போவது திங்கள், உள்ளே அருங்காட்சியகம் மூடியிருக்கும். தோட்டம் மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் வேண்டாம்.

தாலின்: கப்பல் துறையிலிருந்து பழைய நகரத்தின் வடக்கு வாசலில் இருக்கும் "தடித்த மார்கரெட்" கோபுரம் வரை சமதரை, 15–20 நிமிட நடை. அதன்பின் முழுக்க உருளைக்கல் பாவிய தெரு. மழை பெய்தால் வழுக்கும், ரப்பர் அடி ஷூ அவசியம். மேல் நகரமான தூம்பியாவுக்கு ஏறுவதுதான் சிக்கல். வழி: போல்ட் செயலியில் (தாலினிலேயே பிறந்த நிறுவனம்) வண்டி கூப்பிட்டு, அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலய வாசலில் இறங்குங்கள். கோதுவோட்சா காட்சித்திட்டு அங்கிருந்து சில நிமிடம். இறங்கும்போது பிக் யல்க் தெரு வழியாக வாருங்கள், படியில்லாத நீண்ட சரிவு. பக்கத்தில் இருக்கும் லூஹிகே யல்க் படிக்கட்டு, அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். காலை 10 முதல் 12 வரை எல்லாக் கப்பல்களின் பேருந்துக் கூட்டமும் மேலேதான் இருக்கும். 8:30-க்கே மேலே போய்விட்டால் காட்சித்திட்டு உங்களுக்கே. கீழே நகரமன்றச் சதுக்கத்தில் 1422-லேயே இயங்கிய மருந்துக்கடை இன்றும் மருந்துக்கடையாகவே இருக்கிறது.

ஹெல்சிங்கியில் சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குச் சந்தைச் சதுக்கத்திலிருந்து படகு, 15–20 நிமிடம். நகரப் போக்குவரத்து ஏபி மண்டல டிக்கெட்டே செல்லும். ஆனால் தீவு முழுக்க மேடுபள்ளமும் கல்பாதையும், சாருக்கு இது தோதுப்படாது. படகில் போய், இறங்குதுறைப் பக்கமே உட்கார்ந்துவிட்டு அடுத்த படகில் திரும்பினாலும் கடல் காட்சி கிடைக்கும். பிறகு பாறையைக் குடைந்து 1969-இல் கட்டிய தெம்பெலியாவுகியோ தேவாலயம், ஊடி நூலகம். நூலகத்தில் லிஃப்ட், கழிப்பறை, மேல்தளத்தில் திறந்த மாடம் எல்லாம் உண்டு, கட்டணம் இல்லை.

கலங்கரை

ஸ்டாக்ஹோமுக்கு ஒரு சேர்க்கை. ஸ்லுஸ்ஸனிலிருந்து யூர்கோர்டனுக்குப் படகு இருக்கிறது, சுற்றிப் போகும் பேருந்தைவிட அதுதான் சுகம். எஸ்எல் (ஸ்டாக்ஹோம் நகரப் போக்குவரத்து) டிக்கெட் 75 நிமிடம் செல்லும். வங்கி அட்டையைத் தட்டினாலே போதும், ஆனால் ஒரு அட்டைக்கு ஒருவர்தான். இருவரிடமும் தனித்தனி அட்டை இருக்கட்டும். ஸ்வீடனில் நோட்டை நீட்டினால் பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். ஜெர்மனியில் நேர் எதிர், கழிப்பறைக்கும் பேக்கரிக்கும் யூரோ சில்லறை வையுங்கள். அட்டை இயந்திரம் "ரூபாயில் கட்டவா?" என்று கேட்டால் மறுத்துவிட்டு உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதத்தில்தான் அவர்கள் லாபம் பார்ப்பது.

மிளகுரசம்

சாப்பாடு என் பங்கு. முன்பதிவிலேயே "இந்திய சைவம், முட்டை இல்லாமல்" என்று எழுதிக் கேளுங்கள். முதல் இரவு உணவறையில் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்லுங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பார்கள், மறுநாளுக்கு வேண்டியதை முந்தின இரவே சொன்னால் பருப்பும் சப்பாத்தியும் வரும். அன்றைக்கே கேட்டால் கிடைக்காது. பஃபேயில் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி ஸ்டாக்கில் செய்திருக்கலாம், கேட்காமல் எடுக்காதீர்கள். ஹெல்சிங்கியில் நீங்கள் இருப்பது வியாழன். பின்லாந்தில் வியாழன் என்றால் பட்டாணி சூப் நாள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், வழக்கமாக அதில் பன்றி இறைச்சி இருக்கும்.

வீட்டிலிருந்து கொண்டுபோவதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் இதில் மாட்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தட்டை, முறுக்கு (நெய் சேர்க்காதது) கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக எடுங்கள். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், தீ விபத்து பயம். ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள்.

காவேரிக்கரை

அருமை, எல்லோருக்கும் நன்றி. பெர்லினை விட்டுவிட்டோம், மோலி ரயில்தான். இரண்டு சந்தேகம். தாலினுக்கும் கோபன்ஹேகனுக்கும் நேரம் வேறாமே, கப்பலில் எந்த நேரம்? அறை இன்னும் ஒதுக்கவில்லை, எந்த இடம் கேட்கலாம்?

வடக்குக்காற்று

எஸ்டோனியா, பின்லாந்து இரண்டும் டென்மார்க், ஜெர்மனி, ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னே. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுமா இல்லையா என்பது அந்தந்தக் கப்பலின் முடிவு, முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் இருக்கும். செல்போன் கரையில் சிக்னல் கிடைத்ததும் தானே மாறிவிடும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து, அதை மட்டும் பாருங்கள். புறப்படும் நேரம் 17:00 என்றால் ஏறக் கடைசி நேரம் அதற்கு அரை மணியோ அதற்கும் மேலோ முன்பு. தாளிலேயே துறைமுக ஏஜென்ட் தொலைபேசி எண் இருக்கும், கரைக்கு இறங்கும்முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அழைக்க வேண்டிய எண் அதுதான். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாலும், விசாப் பக்கத்தோடு நகல் கையில் இருக்கட்டும்.

கடலில் செல்போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டால் சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது, பில் ஆயிரக்கணக்கில் போகும்.

தூரதேசி

அறை: நீளவாக்கில் நடுப்பகுதி, கீழ்த்தளம், லிஃப்ட்டுக்குப் பக்கம் ஆனால் எதிரே இல்லாமல். ஆட்டமும் குறைவு, சாருக்கு நடையும் குறைவு. தளப்படத்தை எடுத்து மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும், அரங்கத்துக்கு மேலே இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. ஜன்னல் அறை மலிவாக வந்தால், உயிர்காப்புப் படகு மறைக்கிற அறையா என்று கேளுங்கள்.

பால்கனிக்குக் கூடுதல் பணம் கட்டுவது ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை. இரண்டு பக்கமும் தீவுகள்தான், முன்புற மேல்தளத்திலிருந்து பார்த்தால் இரண்டும் தெரியும். ஜூனில் அங்கே சூரியன் மூன்றரைக்கு உதித்து இரவு பத்துக்கு மறைகிறது, எனவே ஸ்டாட்ஸ்கோர்டன் அல்லது ஃப்ரீஹாம்னனுக்கு வருவதாக இருந்தால் விடிகாலையிலும் மாலை 18:00-க்குப் புறப்பட்ட பிறகும் இரண்டு முறை பார்க்கலாம். மேல்தளத்தில் காற்று கடுமையாக இருக்கும், கரையில் 20 டிகிரி இருந்தாலும் காற்று புகாத ஜாக்கெட்டும் காதை மூடும் தொப்பியும் எடுத்துப் போங்கள். அறைத் திரையை முழுக்க மூடாமல் படுத்தால் தூக்கம் போச்சு.

கடைசி நாள் இரவே பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வார்கள். சாரின் மாத்திரைகளும் மறுநாள் உடுப்பும் கைப்பையில் இருக்கட்டும். திரும்பும் விமானம் ஞாயிறு 13:00-க்குப் பிறகு இருந்தால் நிதானமாக இறங்கி மெட்ரோவிலேயே போய்விடலாம்.