பீரோவுல ஒரு கவர் இருக்கு, பிரிக்கலாமா வேணாமா?

மஞ்சக்குப்பம் மலர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் ஆர்மில நாயக். போன மாசம் லீவு முடிஞ்சு திருப்பாப்புலியூர்ல ரயில் ஏத்தி விட்டோம், இந்த தடவ போஸ்டிங் மேல, லடாக்ல லே தாண்டி எங்கயோ, எடம் சொல்ல மாட்டாரு நானும் கேக்கறதில்ல. நேத்து பாப்பாவோட பர்த் சர்டிபிகேட் தேடி பீரோவ கொடஞ்சப்ப அவரோட கல்யாண பட்டு வேட்டிக்கு அடியில ஒரு பழுப்பு கவர். நல்லா ஒட்டியிருக்கு. மேல "எனக்கு ஏதாச்சும் ஆனா மட்டும் பிரி"ன்னு அவர் கையெழுத்து. அப்படியே கட்டில்ல ஒக்காந்துட்டேன். இத பிரிக்கலாமா? இப்படி எழுதி வெக்கறதே அபசகுனம் இல்லயா? மாமியார்கிட்ட இன்னும் சொல்லல.

கெடிலக்கரையான்:
மொதல்ல அத கொண்டு போயி ஆத்துல விடுங்க. உசுரோட இருக்கற மனுசன் தன் கருமாதி பத்திரிக்கைய தானே அடிச்சு வெச்சா மாதிரி இருக்கு. என் மச்சான் பிஎஸ்எப்ல 20 வருசம் இருந்தாரு, ஒரு வரி இப்படி எழுதல, இன்னிக்கு பண்ருட்டில பலா மண்டி போட்டு ஜம்முனு இருக்காரு.

ஹவில்தார் ரிட்டயர்டு:
தம்பி உங்க மச்சான் எழுதாததால தான் நல்லா இருக்காரா? அப்ப நான் எழுதியும் நல்லா தான இருக்கேன். 1999 கார்கில் சமயம் நாங்க திராஸ் பக்கம் இருந்தோம், மேல ஏறதுக்கு மொத நாள் ராத்திரி பாதி பேரு டார்ச் வெளிச்சத்துல இன்லேண்டு லெட்டர் எழுதிட்டு ஒக்காந்திருந்தான், யாரும் எழுதுன்னு ஆர்டர் போடல, ஒருத்தன் எழுதறத பாத்து இன்னொருத்தன். எழுதி முடிச்சு தபால்ல போடமாட்டோம், கீழ தங்கற கூட்டாளி கைல குடுத்துட்டு போவோம், நான் வரலன்னா அனுப்புடா வந்தா திருப்பி குடுடான்னு. தங்கச்சி, அந்த கவர்ல கண்ணீர் கதை இருக்கும்னு நெனச்சு பயப்படாதீங்க. நான் என்னா எழுதுனேன் தெரியுமா? சீட்டு மூணு தவணை பாக்கி, மாமாவுக்கு தரவேண்டியது நாலாயிரம், பக்கத்து நெலத்துக்காரர் நமக்கு தரவேண்டியது ஆயிரத்தி ஐநூறு, கேக்காம விட்டா தரமாட்டாரு, செவல பசுவ மட்டும் வித்துடாத. அவ்ளோதான். கடைசில "ஒடம்ப பாத்துக்க". திரும்பி வந்ததும் கூட்டாளி குடுத்தான், மண்ணெண்ண ஸ்டவ்ல கொளுத்தி அதுலயே டீ போட்டு ரெண்டு பேரும் குடிச்சோம். வீட்ல இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

புதுவை இளந்தென்றல்:
என்னங்க ஐயா இப்படி கடன் கணக்கா சொல்லிட்டீங்க. கேப்டன் விஜயந்த் தாப்பர் எழுதுன கடைசி லெட்டர் படிச்சிருக்கீங்களா? அதே திராஸ் பக்கம், 1999 ஜூன், வயசு 22. ஒடம்புல எந்த உறுப்ப எடுக்க முடியுமோ எடுத்துக்கோங்க, அனாதை இல்லத்துக்கு பணம் குடுங்க, ருக்சானாங்கற சின்ன பொண்ணுக்கு மாசாமாசம் 50 ரூபா குடுத்துட்டு வாங்கன்னு அப்பா அம்மாவுக்கு எழுதிட்டு போனாரு. வீர் சக்ரா அவர் போனதுக்கு அப்பறம் தான் வந்துச்சு. இப்படி ஒரு லெட்டர் இல்லன்னா அந்த குடும்பத்துக்கு புடிச்சுக்க என்ன இருந்திருக்கும்? எழுதணும், கண்டிப்பா எழுதணும்.

ஹவில்தார் ரிட்டயர்டு:
படிச்சிருக்கேன் ம்மா, நல்லா பாருங்க அதுலயும் 50 ரூபா கணக்கு இருக்கு. நான் சொல்றதும் அதான்.

அப்பா பொண்ணு:
இங்க எல்லாரும் எழுதறவங்க பக்கமே பேசறீங்க, படிக்கறவங்கள யாரும் யோசிக்கல. எங்க அப்பா சென்ட்ரல் போர்ஸ்ல இருந்து டூட்டில போயிட்டாரு, நான் அப்ப எட்டாவது. அவர் சாமானோட ஒரு லெட்டர் வந்துச்சு, அதுல "தம்பிய யூனிபார்ம்ல பாக்கணும்"னு ஒரு வரி. அவ்ளோதான், ஒரே ஒரு வரி, ஆசையா எழுதியிருப்பாரு. அந்த வரிய வெச்சு எங்க சொந்தக்காரங்க என் தம்பிய படுத்துன பாடு இருக்கே, அவனுக்கு ஐடிஐ போயி வெல்டிங் கத்துக்கணும்னு இருந்துச்சு, ரெண்டு தடவ செலக்சன்ல ஓடி விழுந்து மூட்டு போச்சு. அப்பா உசுரோட இருந்தா சண்ட போட்டிருக்கலாம், ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா சரி போடான்னு விட்டிருப்பாரு. செத்தவங்க கிட்ட எப்படிங்க சண்ட போடறது? எனக்கு அந்த லெட்டர் வராமயே இருந்திருக்கலாம்.

கெடிலக்கரையான்:
இத தான் நானும் சொன்னேன்.

அப்பா பொண்ணு:
இல்லண்ணா, நீங்க சகுனம் பத்தி சொன்னீங்க. நான் சொல்றது வேற.

சொல்தா பேரன்:
பாண்டிலருந்து வரேன், எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்து சொல்தா, அதாவது சிப்பாய், அல்ஜீரியா சண்டைக்கு போனவரு, 1962ல பிரெஞ்சு குடியுரிமைய விடாம வெச்சுகிட்டவங்கள்ல ஒருத்தரு. எங்க ஆயாவுக்கு எழுத படிக்க தெரியாது, லெட்டர் வந்தா குருசுக்குப்பத்துல ஒரு வாத்தியார் வந்து திண்ணையில ஒக்காந்து படிப்பாரு, தெருவே கேக்கும். அப்ப பொண்டாட்டிக்குன்னு அந்தரங்கமா என்னத்த எழுதறது? "பின்கட்டு முருங்கைய பாத்துக்க"ன்னு தாத்தா எழுதுவாராம், அத கேட்டதும் ஆயா எழுந்து உள்ள போயிடுமாம். வீட்ல முருங்கையே கெடயாது. முதல் உலகப்போர்ல பிரான்ஸ்ல சண்ட போட்ட நம்ம சிப்பாய்ங்களும் இப்படி தான், லெட்டர இங்கிலீஷ்காரன் சென்சார்ல பிரிச்சு படிப்பான்னு தெரியும், அதனால கருமிளகு தீந்துபோச்சு இப்ப செவப்பு மிளகாயும் போடறாங்கன்னு எழுதுவாங்களாம். கருமிளகுன்னா நம்மாளு, மிளகாய்ன்னா வெள்ளக்காரன், ஊர்லருந்து யாரும் பட்டாளத்துல சேராதீங்கன்னு அர்த்தம். பீச் ரோட்டுல 1938ல தெறந்த போர் நினைவு சின்னம் இருக்குல்ல, ஜூலை 14க்கு லைட் போடுவாங்களே, அதுல நம்ம பக்கத்து ஆளுங்க பேரு இருக்கு, அவங்க என்ன எழுதிட்டு போனாங்கன்னு எந்த கல்லுலயும் இல்ல. மலர் அக்கா, உங்களுக்காக மட்டும் ஒட்டி வெச்ச கவர் அது, எங்க ஆயாவுக்கு கெடைக்காத சொகுசு. பிரிக்காதீங்க, ஆத்துலயும் விடாதீங்க.

கோர்ட்டு வாசல்:
வேற ஒண்ணு. அந்த கவர்ல சொத்து விஷயம் இருந்தா அதுவே உயில் ஆயிடும்னு நெனச்சு இருந்துடாதீங்க. 1925 இந்திய வாரிசுரிமை சட்டம் 65, 66 பிரிவுல சிப்பாய்க்கு சலுகை இருக்கு, கையால எழுதியிருந்தா கையெழுத்து சாட்சி எதுவும் இல்லாம செல்லும், வாயால சொன்னா கூட ரெண்டு சாட்சி முன்னாடி சொன்னா போதும், ஆனா அது சண்டைல இருக்கறப்ப, படையெடுப்புல இருக்கறப்ப எழுதுனதுக்கு. லீவுல வந்து வீட்ல ஒக்காந்து எழுதுனதுக்கு சாதாரண உயில் மாதிரி ரெண்டு பேர் சாட்சி கையெழுத்து வேணும்.

ஹவில்தார் ரிட்டயர்டு:
வக்கீல் தம்பி சொல்றது சரி. அதவிட முக்கியம், கல்யாணத்துக்கு அப்பறம் பார்ட் டூ ஆர்டர், அதான் குடும்ப விவரத்த ஆர்மி ரெக்கார்டுல பதியற ஆர்டர், அத போட்டு உங்க பேரும் பாப்பா பேரும் ரெக்கார்டுல ஏறிச்சான்னு கேளுங்க தங்கச்சி. பல பேரு மறந்துடுவான், நாமினேசன் அம்மா பேர்லயே கெடக்கும், அப்பறம் மாமியாரும் மருமவளும் ஆபீஸ் ஆபீஸா அலையறத நான் கண்ணால பாத்திருக்கேன். கவர பத்தி அப்பறம் கவலப்படலாம்.

கெடிலக்கரையான்:
புருசன் போன்ல பேசறப்ப நீ செத்தா பணம் யாருக்குன்னு கேக்க சொல்றீங்களா? நல்லா இருக்கு நியாயம்.

ஹவில்தார் ரிட்டயர்டு:
கேக்கற விதமா கேக்கலாம் தம்பி. பட்டாளத்தான் பொண்டாட்டிக்கு அது தெரியும்.

மஞ்சக்குப்பம் மலர்:
அஞ்சு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். ஞாயித்துக்கெழம சிக்னல் கெடச்சு பேசுனாரு. பார்ட் டூ ஆர்டர் கேட்டேன், சிரிச்சாரு, என் பேரு எப்பவோ ஏத்திட்டாராம், பாப்பா பேருக்கு தான் பர்த் சர்டிபிகேட் வேணும்னு தேட சொல்லியிருக்காரு, நான் தான் அத எதுக்குன்னு கேக்காம தேடிட்டு இருந்தேன். அப்பறம் சீட்டு, நகை அடகு, அவர் பிரெண்டுக்கு குடுத்தது எல்லாம் கேட்டு பாப்பா டிராயிங் நோட்டுலயே எழுதிகிட்டேன், ஒன்றரை பக்கம் வந்துச்சு. கடைசில நானே சொல்லிட்டேன், கவர பாத்துட்டேன் பிரிக்கலன்னு. ரொம்ப நேரம் பேசல, லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன். இங்க ஒரு தங்கச்சி எழுதுனது மனசுல இருந்துச்சு, அதனால கேட்டேன், பாப்பா என்ன படிக்கணும் எங்க போகணும்னு அதுல ஏதாச்சும் எழுதியிருக்கீங்களான்னு. ம்ம்ன்னாரு. அந்த பக்கத்த வந்து கிழிச்சிடுங்கன்னேன். சரி, பொங்கலுக்கு வந்து வேற எழுதி வெக்கறேன், அதுவரைக்கும் வேட்டிய எடுத்து வெயில்ல காய வெக்காதன்னாரு.