மோட்டார் சுற்ற மாட்டேன் என்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் உதவுங்கள்

எட்டாம்_பி_டீச்சர் · செவ்வாய் இரவு 9.40
வணக்கம். வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் எளிய மோட்டார் செய்து காட்ட வேண்டும். செல்லின் இரண்டு முனையிலும் ஊக்கு, ஊக்குகளின் காதில் கம்பிச் சுருளின் முனைகள், சுருளுக்குக் கீழே காந்தம், எல்லாம் படத்தில் இருக்கிற மாதிரிதான் வைத்தோம். சுற்றவே இல்லை. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது, இனி பின்வாங்க முடியாது. என்ன தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள்.

காந்தக்கல் · 9.52
எந்தப் படம்? எதுவும் இணைக்கவில்லையே. என்ன கம்பி, எத்தனை சுற்று, என்ன செல்?

பழைய_ரேடியோ · 9.58
காந்தம்தான். யோசிக்கவே வேண்டாம். பிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தத்தை வைத்திருப்பீர்கள், அது காகிதத்தைத்தான் பிடிக்கும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வளையக் காந்தம் எடுங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும்.

காயில்_கட்டுபவன் · 10.05
கம்பி எங்கே வாங்கினீர்கள் டீச்சர்? வைண்டிங் கம்பி என்றால் மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும். பார்க்கச் செம்பு மாதிரியே பளபளப்பாக இருக்கும், ஆனால் மின்சாரம் போகாது. எங்கள் கடைக்குக் கம்பி கேட்டு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத் தெரியாமல்தான் திரும்பி வருகிறார்கள்.

ஊசிமுனை · 10.20
முதலில் ஃபிளெமிங்கின் இடக்கை விதியை, அதாவது மோட்டார் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று விரல்களால் காட்டும் விதியை, ஒரு முறை படித்துவிட்டு வருவது நல்லது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் எது எதைக் காட்டுகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இதே கேள்வி இங்கே பல முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் ஏன்தான் யாருக்கும் இல்லையோ.

காந்தக்கல் · 10.24
ஊசிமுனை சார், விரலை மடக்கி வைத்தால் மோட்டார் சுற்றிவிடுமா?

வானவில்_வகுப்பு · 10.41
நான் செல் என்பேன். பழைய செல்லாக இருக்கும். புதிது போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய போன் சார்ஜர் வயரை வெட்டி இணைத்துவிடலாமே?

காயில்_கட்டுபவன் · 10.47
ஐயோ, சார்ஜரும் வேண்டாம், போன் பேட்டரியும் வேண்டாம். ஒரு முழக் கம்பியை நேராக மாட்டினால் அது ஷார்ட்தான். பிள்ளைகள் இருக்கிற இடம்.

எட்டாம்_பி_டீச்சர் · புதன் காலை 7.15
எல்லோருக்கும் நன்றி. கம்பி காயில் கட்டும் கடையில் சும்மா கொடுத்தார்கள், தடிமன் 24 கேஜ் என்றார்கள். பெரிய டார்ச் செல், புதிது. அதன் மேலேயே பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றினோம். காந்தம் ஸ்பீக்கரில் எடுத்ததுதான். வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தாயிற்று, அது தெரியும்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். ஒரு மோட்டார் இல்லை, எட்டுக் குழுவுக்கு எட்டு. எட்டும் ஓடவில்லை. மூன்று ஆடி நிற்கின்றன, நான்கு அசையவே இல்லை. ஒன்றில் செல் கையைச் சுடுகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பார்க்கிறேன்.

காந்தக்கல் · 7.31
எட்டா! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!

பழைய_ரேடியோ · 7.40
ஸ்பீக்கர் காந்தத்திலும் சக்தி குறைந்திருக்கலாம். ஆணியை அருகில் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள். நான் இன்னும் காந்தம் என்றுதான் சொல்வேன்.

சாக்பீஸ்_கை · 8.10
எட்டும் ஓடவில்லை என்றால் பொருளில் தப்பிருக்காது. எட்டுப் பேரும் ஒரே மாதிரி ஏதோ செய்திருக்கிறார்கள்.

டீச்சர், ஒரே கேள்வி. உப்புத்தாளால் தேய்க்கும்போது சுருளை டெஸ்க் மேல் படுக்க வைத்துத் தேய்த்தார்களா, நிற்க வைத்தா? இரண்டு முனையையுமா? சுற்றிலுமா, ஒரு பக்கம் மட்டுமா?

எதற்குக் கேட்கிறேன் என்றால், சுருளுக்குள் மின்சாரம் போனால் அதுவும் ஒரு காந்தம். கீழே இருக்கும் காந்தத்தின் பக்கமாக முகத்தைத் திருப்பும், அதாவது தட்டையாகப் படுத்துவிடும். படுத்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தாண்டிப் போனாலும் பின்னால் இழுக்கும். நீங்கள் சொல்கிற ஆட்டம் அதுதான். அதனால் ஒரு முனையைச் சுற்றிலும் முழுக்கத் தேய்க்க வேண்டும், மறு முனையில் பாதியை மட்டும். பாதிச் சுற்றுக்கு மின்சாரம் தள்ளும், மீதிப் பாதிக்கு நின்றுவிடும். வந்த வேகத்திலேயே சுருள் அந்தப் பாதியைத் தாண்டிவிடும். கடை மோட்டாரில் பாதிச் சுற்றுக்கு ஒரு முறை மின்சாரத்தின் திசையை மாற்றிவிடும் பிளவு வளையம் இருக்கிறதே, அந்த வேலையில் பாதியை இங்கே வார்னிஷ் செய்கிறது.

எந்தப் பாதி என்பதுதான் பலரும் சறுக்கும் இடம். சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் தள்ளு அதிகம். சுருளை நிற்க வைத்து, கம்பியின் மேல்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு டெஸ்க்கில் படுக்க வைத்துத் தேய்ப்பதுதான் சௌகரியம். அப்படித் தேய்த்தால் தள்ள வேண்டிய நேரத்தில் பாதி போய்விடும், விட வேண்டிய நேரத்தில் பிடிக்கும்.

அசையாத நான்கில் வார்னிஷ் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு முனையையும் பாதி பாதி தேய்த்து, ஒன்றில் மேலும் மற்றதில் கீழுமாகப் போயிருக்கும். அப்போது இரண்டு முனையும் ஒரே நேரத்தில் ஊக்கைத் தொடவே தொடாது. டார்ச் பல்பைச் செல்லுக்கும் ஊக்குக்கும் இடையில் வைத்து, சுருளைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பாதிச் சுற்றுக்கு எரிந்து பாதிக்கு அணைய வேண்டும்.

சுடுகிற செல்லை உடனே கழற்றுங்கள். அந்தச் சுருள் இரண்டு பக்கமும் முழுக்கத் தேய்க்கப்பட்டு நின்றுபோயிருக்கும். ஒரு மீட்டர் 24 கேஜ் செம்புக் கம்பியின் தடை 0.1 ஓம் கூட வராது.

ஊசிமுனை · 8.25
நான் சொன்னதைத்தான் இவர் நீட்டி முழக்கியிருக்கிறார்.

வானவில்_வகுப்பு · 8.33
ஆனால் நான் போன வருடம் இரண்டு முனையையும் முழுக்கத் தேய்த்தேன். நன்றாகவே ஓடியது. பாதி தேய்ப்பதெல்லாம் தேவையில்லை.

சாக்பீஸ்_கை · 8.50
ஓடும், சில நேரம். சுருள் ஊக்கின் காதுக்குள் துள்ளித் துள்ளி ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகும். அந்தத் துள்ளலில் ஓடுவது அதிர்ஷ்டம். எட்டுக் குழு வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்ப முடியுமா?

வானவில்_வகுப்பு · 8.58
ஓடியது என்கிறேன், வீடியோவே இருக்கிறது. அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

காயில்_கட்டுபவன் · 9.14
உப்புத்தாள் எல்லாம் எதற்கு? லைட்டரில் ஒரு நொடி காட்டிவிட்டுத் துணியால் துடைத்தால் சுத்தம்.

காந்தக்கல் · 9.20
முனை முழுக்க எரிந்துவிடுமே அண்ணே, பாதி எப்படி மிஞ்சும்? அந்தப் புகையையும் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இழுப்பார்கள்.

காயில்_கட்டுபவன் · 9.26
முழு முனைக்குத்தான் சொன்னேன். சரி, வகுப்பில் வேண்டாம், வீட்டில் செய்து கொண்டுவரலாம். நாங்கள் தினமும் அந்தப் புகையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய_ரேடியோ · 9.41
இவ்வளவு பாடு எதற்கு? சின்னதாக இருந்தாலும் பலமான நியோடிமியம் காந்தம், ஒரு ஸ்க்ரூ ஆணி, செல், ஒரு துண்டு வயர் போதும். காந்தத்தை ஆணியின் தலையில் ஒட்டி, ஆணியின் நுனியைச் செல்லின் அடியில் தொங்கவிட்டு, வயரின் ஒரு முனையைச் செல்லின் மேல் முனையில் பிடித்து, மறு முனையால் காந்தத்தின் ஓரத்தைத் தொட்டால் ஆணி சுற்றும். 1821-இல் ஃபாரடே செய்து காட்டியது இந்த வகைதான். பார்த்தீர்களா, கடைசியில் காந்தம்தான்.

ஊசிமுனை · 9.55
ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் கம்பியைச் சுற்ற வைத்தார், ஸ்க்ரூ ஆணியை அல்ல. பாதி வரலாறு சொல்வதை விடச் சொல்லாமல் இருக்கலாம்.

பழைய_ரேடியோ · 10.02
வகை என்றுதான் சொன்னேன். பிள்ளைகள் கையில் பாதரசம் கொடுக்கச் சொல்கிறீர்களா?

காந்தக்கல் · 10.10
அந்த நியோடிமியம் குண்டுமணிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ஆபரேஷன் வரை போகும்.

சாக்பீஸ்_கை · 10.30
டீச்சருக்கு ஊக்கு மோட்டாரே போதும். தூக்கிப்போடும் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தா இதைச் செல்லோடு சேர்த்துச் சைக்கிள் டியூப் வளையம் ஒன்றைப் போட்டு இறுக்கிக் காட்டுவார், இரண்டு ஊக்கும் செல்லை விட்டு நழுவாது. பிள்ளைகள் விரலால் அழுத்திப் பிடித்திருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். முனைகள் சுருளின் நடுவில் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தட்டிவிட்டு ஓடாவிட்டால் எதிர்ப் பக்கமாகவும் ஒரு தட்டு. பாதி தேய்த்த சுருள் ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

வானவில்_வகுப்பு · 10.44
வீடியோ அனுப்புகிறேன், யார் கேட்டாலும்.

எட்டாம்_பி_டீச்சர் · வியாழன் இரவு 10.50
படுக்க வைத்துத்தான் தேய்த்திருக்கிறார்கள். எட்டுக் குழுவும். நானேதான் அப்படிக் காட்டிக் கொடுத்தேன். நாளை புதிதாகச் சுற்றச் சொல்கிறேன்.

காந்தக்கல் · வெள்ளி மாலை 5.10
டீச்சர், என்ன ஆச்சு?

எட்டாம்_பி_டீச்சர் · சனி காலை 11.02
ஆறு ஓடின. முதல் ஒன்று சுற்றியதும் ஒரு பையன் பெஞ்ச் மேல் ஏறிவிட்டான். மற்ற இரண்டும் நிற்க வைத்துத் தேய்த்தும் ஓடவில்லை. சைக்கிள் டியூபுக்கு நன்றி. பாடத்திட்டம் பின்தங்கிவிட்டது, ஓடுகிறேன்.

சாக்பீஸ்_கை · 11.20
அந்த இரண்டிலும் பல்பு சோதனை செய்தீர்களா?

பழைய_ரேடியோ · 11.34
அந்த இரண்டில் என்ன காந்தம் வைத்தீர்கள்?