ஏர் எடுத்து எடுத்துப் பார்த்தும் ஜீப் பிரேக் பெடல் ஏறல, கடைசியில கோளாறு எங்க இருந்துச்சுன்னா

வணக்கங்க. நாலு வீலும் டிரம் பிரேக் வச்ச பழைய டீசல் ஜீப் ஒண்ணு வச்சிருக்கேன், அப்பா ஓட்டின வண்டி. போன மாசம் கொல்லிமலையிலருந்து குடும்பத்தோட இறங்குறோம், காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு, பாதிகூட தாண்டல, பெடல் பஞ்சாட்டம் ஆயிருச்சு. முதல் மிதிக்கு அடிவரைக்கும் போகுது, உடனே இன்னொரு மிதி போட்டா மேல வந்து புடிக்குது. பின்னாடி பசங்க இருக்காங்க, எனக்கு கை கால் நடுங்கிருச்சு. செகண்ட் கியர்லயே ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பட்டறையில விட்டா பிரேக் ஆயில் லைன்ல காத்து புகுந்திருக்கு, ஏர்தான்னாங்க. மூணு தடவை ஏர் எடுத்தாச்சு, பின் வீல்ல ஆரம்பிச்சு தூரத்துலருந்து கிட்டக்க முறையாத்தான் எடுத்தாங்க, குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டு குமிழி வரல, பெடலும் ஏறல. அப்புறம் பெடல மிதிச்சா ஆயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் புதுசு போட்டாங்க, அதே கதை. காசு போனதைவிட வண்டிய நம்பி எடுக்க முடியலையேங்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு.

கடைசியில லாரி வேலை பார்த்துப் பழகின ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் ஸ்பேனரையே தொடல. முன்னாடி ரெண்டு, பின் ஆக்சிலுக்கு ஒண்ணு, வீலுக்கு ஆயில் போற மூணு ரப்பர் ஹோஸையும் ரப்பர் துண்டு சுத்தி மெதுவா கிளாம்ப் போட்டு அடைச்சாரு. இப்ப மிதிடான்னாரு, பெடல் கல்லாட்டம் நின்னுச்சு. மாஸ்டர் நல்லா இருக்குன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. ஒவ்வொண்ணா கழட்டிட்டு வந்தாரு, முன்னாடி ரெண்டுக்கும் லேசாத்தான் இறங்குச்சு, பின்னாடி கிளாம்ப எடுத்ததும் பொதக்குன்னு போச்சு. ஹோஸ் வெடிச்சுப் போயிருந்தா இதைப் பண்ணாதீங்க, புதுசு போட்டுட்டுப் பண்ணுங்க.

பின் டிரம்மக் கழட்டினா, டிரம்ம உள்ளருந்து அழுத்திப் புடிக்கிற ஷூவோட இடைவெளிய சரி பண்ற அட்ஜஸ்டர் ரெண்டும் துருப்புடிச்சு இறுகிக் கிடக்கு, ஷூ டிரம்மத் தொடுறதுக்கே பெடல் பாதி போயிருது. இன்னொண்ணு, டிரம்ம முன்னாடி ஒரு தடவை லேத்துல கடைஞ்சிருக்கேன், அதுல உள்வட்டம் பெருசாயிருச்சு, ஷூ மேல இருக்குற உராய்வுப் பட்டை, அதான் லைனிங், அது மட்டும் பழைய அளவு. சாக்பீஸ் தடவி சுத்திப் பார்த்தாரு, நடுவுல மட்டும்தான் அழியுது, ரெண்டு ஓரமும் தொடவே இல்ல. மிதிக்க மிதிக்க ஷூவே வளைஞ்சு கொடுக்குது, அதுதான் அந்தப் பஞ்சு. கொஞ்சம் தடிமனான லைனிங் அடிச்சு டிரம் வளைவுக்குத் தேய்ச்சுப் போட்டு, அட்ஜஸ்டர வீல் உரசுற வரைக்கும் ஏத்தி லேசா இறக்கி விட்டாரு. முதல் மிதிலயே பெடல் மேல நிக்குது.

*

அண்ணே, நல்லவேளை பசங்களுக்கு ஒண்ணும் ஆகல. என் வண்டி முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். டிஸ்க்க இறுக்கிப் புடிக்கிற கேலிப்பரக் கழட்டி சர்வீஸ் பண்ணி மாட்டினதுக்கப்புறம் பெடல் சாஃப்ட், ரெண்டு நாள் ஏர் எடுத்தோம், தீரல. அப்புறம் டயர கழட்டி உக்காந்து பார்த்தா ஏர் எடுக்கத் திறக்குற நிப்பிள் கீழ இருக்கு! இடது கேலிப்பர வலதுலயும் வலத இடதுலயும் மாட்டி வச்சிருக்காங்க, ஏர் மேலதானே நிக்கும், கீழ திறந்தா ஆயில்தான வரும். மாத்தி மாட்டினோம், ஒரே தடவையில சரியாச்சு.

*

சார், ரெண்டாவது மிதில பெடல் ஏறுச்சுன்னு சொன்னீங்கள்ல, அங்கயே ஷூ கேப்னு சந்தேகப்படலாம். எனக்கு வந்தது வேற, சிக்னல்ல மிதிச்சபடியே நின்னா பெடல் மெல்ல மெல்ல கீழ போகும், வெளிய எங்கயும் லீக் இல்ல. அது மாஸ்டர் உள்ள ரப்பர் கப் தேய்ஞ்சு ஆயில் பின்னாடி போறது. ஹேண்ட் பிரேக் பின் டிரம்லயே இருக்குற வண்டின்னா அதை இழுத்துப் புடிச்சுட்டு மிதிச்சுப் பாருங்க, பெடல் உயர்ந்தா பின் ஷூ லூஸ். முன், பின் ஆக்சிலுக்கு பவரைப் பிரிச்சுக் கொடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ்கிட்ட ஹேண்ட் பிரேக் இருக்குற பழைய ஜீப்புக்கு இது உதவாது. ஒரு சந்தேகம், வண்டி ஆறினப்புறம் பெடல் சரியாச்சா? ஏன்னா டாட் 3ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரம் இழுத்துருச்சுன்னா 140லயே கொதிக்க ஆரம்பிச்சுரும், இறக்கத்துல அதுவும் பெடல பஞ்சாக்கும்.

*

இல்லீங்க சார், மறுநாள் காலையில குளுகுளுன்னு இருக்கும்போதும் அதே மாதிரிதான் போச்சு, அதனால கொதிச்சது இல்ல. ஆனாலும் நீங்க சொன்னதுக்கப்புறம் ஆயில் முழுசா மாத்திட்டேன், பழசு காப்பி கலர்ல வந்துச்சு. லைனிங் படியட்டும், 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவை அட்ஜஸ்டர் பார்க்கணும்னு பெரியவர் சொல்லியிருக்காரு. நேத்து ஆளில்லாம நான் மட்டும் மலை மேல செம்மேடு போய்ட்டு இறங்கி வந்தேன், கடைசி வளைவு வரைக்கும் பெடல் அதே உயரத்துல நின்னுச்சு.